டெல்டாவிலிருந்து வெளிநாட்டு லீக்கிற்கு: கூடைப்பந்தைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் வெளிநாட்டு வேலை புதிய சங்கதி இல்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் பல வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாகச் சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள், இருக்கிறார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை கிராமங்களில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஆள் போகாத தெருவே இருக்காது. ஏஜென்ட், விசா, அக்ரிமென்ட், சம்பளப் பாக்கி என்ற பேச்செல்லாம் நம் வீட்டுத் திண்ணையில் அன்றாடம் புழங்குவதுதான். ஆனால் அதே வீட்டுப் பையன் “பேஸ்கட்பால் ஆட வெளிநாடு போகப் போறேன்” என்று சொன்னால், யாரைக் கேட்பது, என்ன கேட்பது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. அந்தப் பையனுக்கும், அதே ஆசை உள்ள பெண் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், பி.டி. ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.பி.ஏ.வின் நட்சத்திரங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. உலகம் முழுக்கச் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ நாடுகளில் கூடைப்பந்து லீக் நடக்கிறது. அவற்றில் ஒரு சீசன் ஒரு கிளப், அடுத்த சீசன் வேறு நாடு, நடுவில் இரண்டு மாதம் சொந்த ஊர் என்று சுற்றி வந்து பிழைக்கும் ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாது, ஆனால் சம்பளம் வரும். சிலருக்கு அது நல்ல சம்பளம். இந்தத் தொழிலில் ஆட்டத்தால் வாய்ப்பை இழந்தவர்களைவிடக் காகிதத்தைச் சரியாகப் படிக்காமல் பணத்தை இழந்தவர்கள் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் ஷூட்டிங், டிரிபிளிங் பற்றிக் குறைவாகவும் ஒப்பந்தம் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன்.

முதலில்: நாம் எங்கே நிற்கிறோம்

இந்தியாவிலிருந்து போனவர்களைப் பார்த்தால் நிலவரம் புரியும். கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். பஞ்சாபின் சத்னாம் சிங்கை 2015 என்.பி.ஏ. டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டல்லாஸ் மாவரிக்ஸ் 52-வது ஆளாக எடுத்தது. அம்ரித்பால் சிங் ஜப்பானில் ஆடிவிட்டு 2017-ல் சிட்னி கிங்ஸில் சேர்ந்தார். அம்ஜோத் சிங்கும் ஜப்பான் வழியாக என்.பி.ஏ.வின் துணை லீக்கான அமெரிக்காவின் ஜி-லீக் வரை போனார். இந்த மூன்று ஆண்களுமே ஆறரை அடியைத் தாண்டிய உயரம். ஆறடி ஒரு அங்குலம் உள்ள டெல்டாப் பையன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் போட்டி போடப் போவது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி முடித்து வெளியே வந்து வேலை தேடும் கார்டுகளோடு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் உயரம் குறைந்த ஆட்டக்காரர்களோடு. ஆகவே பெரிய லீக்குகளை விட்டுவிட்டு, இரண்டாம் மூன்றாம் நிலை லீக்குகளைக் குறிவைத்துத்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் நிலையை அளக்க நம் ஊரிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது. மே மாதம் பெரியகுளம், கரூர், கோவை என்று அகில இந்தியப் போட்டிகள் அடுத்தடுத்து வரும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே, ராணுவம், கடற்படை என்று நாட்டின் நல்ல அணிகள் அங்கே இறங்கும். அந்த அணிகளுக்கு எதிராக ஒரு முழு ஆட்டத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கே திணறினால், வெளிநாட்டு கிளப் உங்களைத் திரும்பிப் பார்க்காது. மாவட்ட அணியில் ராஜா என்பதற்கு வெளியே மதிப்பு கிடையாது. மாநில சீனியர் அணியில் முதல் ஐந்து பேரில் ஒருவராக இருப்பதையே குறைந்தபட்சத் தகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஆடுகளமும் உடம்பும்

நாம் வளர்வது சிமென்ட் தரையில். மூட்டுக்கு அது எதிரி. அதோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் திறந்தவெளிக் கோர்ட்டில் தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும், ஆட முடியாது. ஐரோப்பாவில் சீசன் சூடு பிடிக்கும் மாதங்களும் அவைதான். அந்த மூன்று மாதத்தை வீணாக்காமல் எடைப் பயிற்சிக்கும், திருச்சியிலோ சென்னையிலோ உள்ளரங்கு கிடைக்கும் இடத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். மரத் தரையில் ஆடிய அனுபவமே இல்லாமல் ட்ரையலுக்குப் போனவர்கள் திரும்பும்போது வழுக்குவதையும், நின்று ஷூட் செய்யத் தடுமாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் கோர்ட்டை அளந்து பாருங்கள். 2010-ல் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. வளையத்துக்கு முன்னால் சரிவகமாக இருந்த, ‘பெயின்ட்’ எனப்படும் பகுதியும் அப்போதுதான் செவ்வகமானது. நம் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் சிலவற்றில் இன்னும் பழைய கோடுதான். வளையத்தின் நடுவிலிருந்து நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கோட்டின் வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். 6.75 வர வேண்டும். மூலையில் மட்டும் கோடு பக்கவாட்டுக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேராக ஓடுவதால் தூரம் 6.60 ஆகும். வளையம் 3.05 மீட்டர் உயரம். தரையைப் பூசிப் பூசி மேடாக்கியிருந்தால் அதுவும் குறைந்திருக்கும். அரை மீட்டர் கிட்டே நின்று வருடக்கணக்காகப் பழகிய கை, புதிய கோட்டில் பந்தை வளையத்தின் முன் விளிம்பிலேயே முட்ட வைக்கும். கோடு தப்பென்றால் பெயின்ட் வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தலைமை ஆசிரியரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

பந்தும் முக்கியம். தேய்ந்த ரப்பர் பந்தில் மட்டும் ஆடினால் போதாது. ஃபிபா போட்டிகளில் வருவது 12 துண்டுகள் சேர்த்த மோல்டன் பந்து. ஆண்களுக்கு 7-ம் எண், பெண்களுக்கு 6-ம் எண். நான்கு பேர் காசு போட்டு ஒரு நல்ல பந்து வாங்கி ஷூட்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

திறமையைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐந்து வேலையைச் சுமாராகச் செய்பவனுக்கு வெளிநாட்டில் இடமில்லை. ஒரு வேலையைச் சந்தேகமில்லாமல் செய்பவனுக்கு உண்டு. எதிரணியின் நல்ல கார்டைக் கட்டிப்போட்டுவிட்டு, மூலையில் நின்று மூன்று புள்ளி போடுகிறவனை எந்த நாட்டுக் கோச்சும் புரிந்துகொள்வார். பந்து வைத்திருப்பவருக்காகக் கூட்டாளி குறுக்கே நின்று வழி மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோலைத் தடுப்பதில், எப்படித் தடுப்பது என்று சொல்ல ஸ்விட்ச், ஹெட்ஜ், டிராப், ஐஸ் என்று குரல் கொடுப்பார்கள். அந்தச் சொற்கள் காதில் விழுந்த அடுத்த நொடியில் கால் நகர வேண்டும். நம் ஊர் ஆட்டத்தில் பேச்சு குறைவு. இதை இங்கேயே பழகுங்கள்.

மூன்றாவது: சான்றிதழ், வேலை, விடுப்பு

இதைப் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டும். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குத் தனித்தனிச் சான்றிதழ் படிவங்கள் உண்டு. படிவம் 1 நாட்டுக்காக ஆடியவருக்கு, 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு, 3 பல்கலைக்கழக அணிக்கு, 4 பள்ளி அணிக்கு. தமிழ்நாடு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வெளிநாட்டு கிளப்புக்கு ஐந்து சீசன் ஆடினாலும் அது இந்தப் படிவங்கள் எதிலும் வராது. ஆகவே வெளியே கிளம்பும் முன் மாநிலத்துக்கு ஆடி, சான்றிதழை உரிய கையெழுத்தோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்துக் கையெழுத்துக்கு அலைந்தால், அப்போது இருந்த செயலாளர் இருக்க மாட்டார்.

வேலையா வெளிநாடா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். 22 வயதில் வங்கியோ ரயில்வேயோ அழைத்தால் சேர்ந்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அங்கே தினமும் நல்ல ஆட்டக்காரர்களோடு பயிற்சி கிடைக்கும். நம் டெல்டாவில் அது கிடைக்காது. ஆனால் சேரும் முன்பே, ஒரு சீசனுக்குச் சம்பளமில்லா விடுப்பும் தடையில்லாச் சான்றும் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் “பார்த்துக்கலாம் தம்பி” என்று சொல்வதை நம்பி நாளைக்கு கிளப்புக்குக் கையெழுத்துப் போட முடியாது. வேலை எதுவும் கையில் இல்லாத 23 வயதுக்காரருக்குக் கணக்கு வேறு. அவர் துணிந்து இரண்டு சீசன் முயன்று பார்க்கலாம்.

நான்காவது: வீடியோ

வெளிநாட்டு கோச் உங்களை முதலில் பார்ப்பது போன் திரையில். பாட்டுப் போட்டு, மெதுவோட்டத்தில் வெட்டி ஒட்டிய வீடியோவை அவர்கள் அரை நிமிடத்தில் மூடிவிடுவார்கள். மூன்று நான்கு நிமிடத் தொகுப்பு ஒன்று, வெட்டாத முழு ஆட்டம் இரண்டு, இவ்வளவு போதும். முழு ஆட்டத்தில் ஒன்று நீங்கள் சுமாராக ஆடியதாகவே இருக்கட்டும், ஆனால் வலுவான அணிக்கு எதிராக ஆடியதாக இருக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு நேராக, கேலரியின் மேல் படியில் ஸ்டாண்ட் வைத்து எடுங்கள். இரவு ஆட்டத்தில் விளக்கு மினுங்கும். முதல் கால்பகுதியிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்து கேமராவைச் சரிசெய்துகொள்ளுங்கள். உங்கள் ஜெர்சி எண்ணையும் நிறத்தையும் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

உயரத்தைக் காலணி இல்லாமல் அளந்து போடுங்கள். கூட்டிப் போட்டால் விமான நிலையத்தில் அழைக்க வருபவருக்கே தெரிந்துவிடும். யூரோபேஸ்கட் போன்ற தளங்களில் உங்கள் பெயரில் விவரம் இருக்கிறதா, பிறந்த தேதி பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஏஜென்ட்டும் கிளப்பும் முதலில் தேடும் இடம் அதுதான்.

ஐந்தாவது: எந்த நாடு, எந்த மாதம்

ஐரோப்பாவில் பெரும்பாலான லீக்குகள் செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கி மே வரை போகும். ஆஸ்திரேலியாவின் என்.பி.எல்.1, நியூசிலாந்து லீக் ஆகியவை ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. இந்த இரண்டையும் இணைத்து வருடத்துக்கு இரண்டு சம்பளம் பார்ப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைப்பவர்கள். உடம்பு தாங்கினால்.

எல்லா லீக்கிலும் வெளிநாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஐரோப்பாவில் 1995-ல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் தங்களுக்குள் நாடு மாறி ஆடத் தடையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர் அதற்கு வெளியே நிற்பவர். கிளப்பிடம் இருக்கும் ஒன்றிரண்டு இடத்துக்கு அமெரிக்கர்களோடு முட்ட வேண்டும். ஜப்பான், கொரியா லீக்குகளில் ஆசிய ஒதுக்கீடு என்று தனி இடம் இருக்கிறது. ஆனால் அது எல்லா ஆசிய நாட்டுக்கும் பொருந்தாது. நாடுகளின் பட்டியல் இருக்கும், அதுவும் மாறும். அந்த சீசனின் விதியில் இந்தியா இருக்கிறதா என்று கிளப்பிடம் எழுத்தில் கேட்ட பிறகே மேலே பேசுங்கள்.

இம்போர்ட்டாக, அதாவது வெளிநாட்டு ஆட்டக்காரராக எடுக்கப்பட்டவரிடம் கிளப் எதிர்பார்ப்பதும் வேறு. உள்ளூர் ஆள் சரியாக ஆடாவிட்டால் பெஞ்சில் உட்காருவார். இம்போர்ட் சரியாக ஆடாவிட்டால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் வாய்ப்பைச் சின்ன லீக்கில், முப்பது நிமிடம் களத்தில் நிற்கக்கூடிய அணியில் தேடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீத்து போன்றவர்கள் போன ஆஸ்திரேலிய கிளப் ஆட்டம் பாதுகாப்பானதும் ஒழுங்கானதுமான தொடக்கம். பெற்றோர் கிளப் நிர்வாகியோடு வீடியோவில் பேசட்டும். தங்கும் வீட்டில் கூட இருப்பவர் யார் என்று கேட்கட்டும். அப்படிக் கேட்பதை நல்ல கிளப் எதுவும் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

ஆறாவது: ஏஜென்ட்

கும்பகோணம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. ஐரோப்பாவில் ட்ரையல், தேர்வானால் ஒப்பந்தம், அதற்கு முன்பணமாக மூன்று லட்சம். அவன் அப்பா என்னிடம் வந்து, “சார், ரெண்டு மா நெலத்த ஒத்திக்கு வெச்சிடலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். “ஐயா, மூணு கேள்வி கேட்டுட்டு அப்புறம் வைங்க” என்றேன். கிளப்பின் பெயர் என்ன? அந்த கிளப்பின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஒரு கடிதம் வருமா? உங்கள் ஃபிபா உரிம எண் என்ன? பையன் இந்த மூன்றையும் தட்டி அனுப்பினான். பதிலே வரவில்லை, இரண்டு நாளில் அந்த எண்ணும் அணைந்துவிட்டது. நிலம் தப்பித்தது.

விதிமுறை எளிமையானது. ஃபிபா உரிமம் பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் அவர்களின் இணையதளத்திலேயே இருக்கிறது. ஏஜென்ட்டின் கட்டணம் ஆட்டக்காரரின் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல சமயம் அதை கிளப்பே கொடுத்துவிடும். ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தம் அதிகபட்சம் 2 வருடம், அதன் பிறகு விருப்பம் இருந்தால் புதுப்பிக்கலாம். நல்ல ஏஜென்ட் உங்களுக்கு வேலை கிடைத்த பிறகுதான் சம்பாதிப்பார். வேலைக்கு முன்னால் பணம் கேட்பவர் உங்கள் பணத்தில்தான் சம்பாதிக்க வந்திருக்கிறார். ‘எக்ஸ்போஷர் கேம்ப்’ என்று கட்டணம் வாங்கும் முகாம்களில் சில உண்மையானவை. ஆனால் எந்த கிளப் கோச்சுகள் வருவார்கள் என்று பெயர் சொல்லாத முகாமுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஏழாவது: ஒப்பந்தம்

நிலம் வாங்கும்போது கிரயப் பத்திரத்தை எல்லை முதல் சாட்சி வரை வரி வரியாகப் படிப்போமே, அப்படி இதைப் படிக்க வேண்டும். அவசரப்படுத்துவார்கள். “இன்னிக்கு ராத்திரிக்குள்ள சைன் பண்ணலேன்னா வேற ஆளு” என்பார்கள். இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வதால் எந்த உண்மையான வாய்ப்பும் போய்விடாது.

முதலில் சம்பளம். வரி பிடித்தது போகக் கைக்கு வரும் தொகையா, வரிக்கு முந்திய தொகையா? ‘நெட்’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சில நாடுகளில் இந்த ஒரு சொல்லில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம் அடங்கியிருக்கும். எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், எந்த நாணயத்தில் என்று பட்டியலாக வேண்டும். ‘மாதா மாதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் தேதி போடச் சொல்லுங்கள். தேதி இல்லாத சம்பளத்துக்குத் தாமதம் என்பதே கிடையாது.

அடுத்து, ஒப்பந்தம் உத்தரவாதமானதா என்பது. வந்து இறங்கியதும் சில நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதில் தேறிவிட்டால் சீசன் முடியும்வரை சம்பளம் உறுதி, பிறகு காயம் பட்டாலும் ஆட்டம் குறைந்தாலும் நிறுத்த முடியாது என்று எழுதியிருந்தால் அது உத்தரவாத ஒப்பந்தம். ‘ட்ரையல் காலம்’ என்று ஒரு மாதம் போட்டிருந்தால், அந்த ஒரு மாதமும் உங்கள் வேலை அந்தரத்தில்தான். சின்ன லீக்கில் முதல் சீசனுக்கு அதை ஒப்புக்கொள்ள வேண்டி வரலாம். அப்படியென்றால் திரும்பும் டிக்கெட்டாவது கிளப் செலவு என்று இருக்கட்டும்.

காயம். முழங்கால் மூட்டில் ஏ.சி.எல். என்ற இணைப்பு நார் கிழிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு மறுபடி ஆட ஒன்பது மாதமோ அதற்கு மேலோகூட ஆகும். செலவு யாருடையது, எந்த ஊரில் சிகிச்சை, சீசன் முடிந்து காப்பீடு ஓடுமா என்று மூன்றும் எழுத்தில் வேண்டும். தங்கும் வீடு தனியா, இன்னொருவரோடா, மின்சாரமும் குளிர்கால வெப்பக் கட்டணமும் யார் கட்டுவது, கார் உண்டா, விமான டிக்கெட் எத்தனை. இவையெல்லாம் சில்லறை என்று விட்டால், சம்பளத்தில் பாதி இவற்றுக்கே போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பத்தி கடைசிப் பக்கத்தில் இருக்கும்: தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது. ஃபிபா 2007-ல் ஜெனிவாவில் கூடைப்பந்துக்கென ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. சுருக்கமாக பேட் என்பார்கள். அங்கே ஒரே நடுவர், ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஆவணங்களை மட்டும் பார்த்து, நியாயம் எதுவோ அதன்படி முடிவு சொல்வார். ஜெனிவாவுக்குப் போக வேண்டியதில்லை. தீர்ப்பின்படி பணம் தராத கிளப்புக்குப் புதிய ஆட்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடலாம். கிளப் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் ‘தகராறுகள் பேட் மன்றத்துக்குச் செல்லும்’ என்ற பத்தி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அங்கே கதவு திறக்காது. அந்த நாட்டு நீதிமன்றத்தில் அவர்கள் மொழியில் வழக்காட வேண்டும். பேட் மன்றத்தில் வழக்குத் தொடரக் கட்டணம் உண்டு. அதனால் மிகச் சிறிய தொகைக்கு அது கட்டுப்படியாகாது; அந்த அளவில் முன்பணம் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. இந்தத் தேதிக்கு மேல் இத்தனை நாள் சம்பளம் தாமதமானால் பயிற்சிக்கு வராமல் இருக்கலாம், அதையும் தாண்டினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதி முழுவதையும் கோரலாம் என்ற பத்தியையும் கேட்டு வாங்குங்கள்.

சம்பளம் நின்றால் கோபப்பட்டுப் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். சொல்லாமல் போனால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். முதலில் மின்னஞ்சலில் நோட்டீஸ்: எந்தத் தவணை, எவ்வளவு, எந்தத் தேதி. வாட்ஸ்அப்பில் மேலாளர் “அடுத்த வாரம் நிச்சயம்” என்று எழுதினால் அதைப் படமெடுத்து வையுங்கள். கிளம்பும் நாளில் இன்னொரு காகிதம் வரும், கவனம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது மேலாளர் காரிலேயே ஒரு தாளை நீட்டுவார். ‘இருதரப்பும் மனமொத்துப் பிரிகிறோம், எவருக்கும் எவரும் பாக்கி இல்லை’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அடுத்த கிளப்புக்குப் போக விடுவிப்புக் கடிதம் வேண்டுமே என்ற அவசரத்தில் அதில் கையெழுத்துப் போட்டு, இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. பாக்கி இருந்தால் கையெழுத்து வேண்டாம். “பணம் வந்ததும் போடுகிறேன்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள்.

எட்டாவது: பயணக் காகிதங்கள்

நம் மாவட்டங்களுக்குத் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். தஞ்சாவூரிலும் சேவை மையம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறிய சான்றைக் காட்டினால் ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட் கிடைக்கும், வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதிக்காக நிற்க வேண்டியிருக்காது.

நாடு மாறி ஆட ஃபிபாவின் லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் வேண்டும். நீங்கள் கடைசியாகப் பதிவு பெற்று ஆடிய நாட்டின் கூட்டமைப்பு அதைத் தரும். நமக்கு முதல் முறை இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. ஏற்கெனவே உள்ள கிளப் ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்பது மட்டுமே அதை மறுக்கச் சரியான காரணம். 18 வயது ஆகாதவர்களுக்குச் சர்வதேச மாற்றமே பொதுவாகக் கிடையாது. ஆகவே பத்தாவது படிக்கும் பையனை வெளிநாட்டு கிளப்பில் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

விசா ஆடுவதற்கான விசாவாகவே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 408 என்ற தற்காலிகச் செயல்பாட்டு விசாவில் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. பிரிட்டனில் 2021 முதல் சர்வதேச விளையாட்டு வீரர் விசா. அதற்கு அந்த விளையாட்டின் அமைப்பு பரிந்துரைக்க வேண்டும். “டூரிஸ்ட் விசாவில் வா, அப்புறம் மாத்திக்கலாம்” என்று சொல்லும் கிளப்புக்குப் போகாதீர்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான், கிளப் இல்லை.

ஒன்பதாவது: அங்கே போன பிறகு

முதல் மாதம்தான் கடினம். குளிர், தனிமை, மொழி. காலையில் தனி ஷூட்டிங், மாலையில் அணிப் பயிற்சி, நடுவில் ஒன்றுமில்லாத நீண்ட மதியம். அந்த மதியத்தில்தான் பலர் மனதளவில் உடைகிறார்கள். ஒரு குக்கர், அம்மா அரைத்துக் கொடுத்த சாம்பார்ப் பொடி, பக்கத்தில் அரிசி கிடைக்கும் கடை என்று முதல் வாரமே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வயிறு சரியாக இருந்தால் பாதி ஊர் ஏக்கம் அடங்கும். ஜெர்மனி போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் நம் ஊர் நேரம் நாலரை மணி முன்னால் ஓடும். இரவு ஆட்டம் முடிந்து போன் செய்தால் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். பேசுவதற்கு மதியத்தை வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நல்லது.

டிசம்பர், ஜனவரியில் கிளப்புகள் இம்போர்ட்களை மாற்றும். உங்கள் புள்ளிகள் குறைவாக இருக்கும் வாரத்திலும் பயிற்சிக்கு முதல் ஆளாக வருவது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான முகாமில் முகம் சுளிக்காமல் நிற்பது, அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அப்போது கணக்கில் வரும். அடுத்த வேலை பெரும்பாலும் பழைய கோச்சின் ஒரு போன் அழைப்பில்தான் கிடைக்கிறது.

ஊக்க மருந்து விஷயத்தில் விளையாடாதீர்கள். ஜிம்மில் தரும் பவுடர், ஊரிலிருந்து கொண்டுபோகும் லேகியம் எதுவானாலும் அணி மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது. ஹைஜெனமைன் என்ற பொருள் சில சத்துப் பவுடர்களிலும் மூலிகைகளிலும் இருக்கிறது. அது தடைப் பட்டியலில் உள்ளது. அதனால் 2 வருடம் தடை பெற்ற இந்திய ஆட்டக்காரர் உண்டு. இரண்டு வருடம் என்பது இந்தத் தொழிலில் பாதி ஆயுள்.

பத்தாவது: பணமும் திரும்புதலும்

வேலைக்காக வெளிநாடு போன இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வரிக் கணக்கில் பொதுவாக என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) ஆவார். செப்டம்பர் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கிளம்பினால், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இங்கிருந்த 153 நாள்தான் கணக்கு. அந்த ஆண்டு நீங்கள் என்.ஆர்.ஐ.தான். ஆனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு மீதி மாதங்கள் ஊரில் இருந்தால் நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர். அங்கே சம்பாதித்ததையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அந்த நாட்டு வரிச் சான்று வேண்டும், அதை கிளப்பிடம் கேட்டு வாங்குங்கள். என்.ஆர்.ஐ. ஆக இருக்கும் காலத்தில் என்.ஆர்.இ. எனும் வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கில் பணம் அனுப்பினால் அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

இந்தத் தொழில் 33, 34 வயதுக்கு மேல் ஓடுவது அபூர்வம். வருடத்தில் சம்பளம் வராத மாதங்களும் உண்டு. ஆகவே முதல் சீசன் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். ஆடும் காலத்திலேயே பயிற்சியாளர் படிப்பைத் தொடங்கலாம். பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ உண்டு. வெளிநாட்டில் ஆடும்போது அந்த நாட்டுக் கூட்டமைப்பின் ஆரம்ப நிலைப் பயிற்சியாளர் வகுப்புகளில் சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு கிளப்பிலிருந்து கிளம்பும்போதும் ஒப்பந்த நகல், சம்பளம் வந்த வங்கி விவரம், வரிச் சான்று, மருத்துவ அறிக்கை, கோச்சின் கையெழுத்திட்ட கடிதம் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டு, ஸ்கேன் செய்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த விசாவுக்கு அவற்றைக் கேட்பார்கள், பேட் மன்றமும் கேட்கும், பிறகு ஒரு நாள் நீங்கள் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பள்ளியும் கேட்கும்.